ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் தோழி

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு மாலைகளில் கிறிஸ்தவ அறநெறி வகுப்பு ஒன்று நடக்கிறது. இன்றைய வாழ்வில் சரி எது, தவறு எது என்று முடிவெடுப்பதைப் பற்றிய பாடம். ஐம்பத்திரண்டு வயதில் சேர்ந்திருக்கிறேன். நோட்டில் ஓரக்கோடு போட்டுத்தான் எழுதுகிறேன். சென்ற வாரம், ஒருவரைப் பற்றிக் கைப்பேசியில் வரும் செய்தியை விசாரிக்காமல் பிறருக்கு அனுப்பலாமா என்று பேசினோம். பிறகு, சொந்த வாழ்வில் எடுத்த நல்ல முடிவு ஒன்றை எழுதிவரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான், இதே கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை பதில் எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி. வாரத்தில் இரண்டு நாள், மூன்றாம் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் அறையிலேயே இருந்து மறைக்கல்வி படிப்போம். மற்றவர்கள் மாடிக்கு, நன்னெறி வகுப்புக்குப் போய்விட்டு வருவார்கள். என் பக்கத்தில் உட்காரும் தோழியும் அவர்களோடு போவாள். கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான்.

மறைக்கல்வி எடுத்தது என் அத்தை. எங்கள் வீட்டோடு இருந்தவர். கணக்கும் அவர்தான், வகுப்பாசிரியரும் அவர்தான். பள்ளிக்குள் அவரை டீச்சர் என்றுதான் அழைக்கவேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம்.

ஒரு கணக்குத் தேர்வில் தோழியின் தாளைப் பார்த்து இரண்டு கணக்குகளை எழுதினேன். ஒன்றில் அவள் செய்திருந்த தவறும் அப்படியே எனக்கு வந்துவிட்டது. அத்தை இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே மறைக்கல்வியில், "மனசாட்சி சொல்லி நீங்க எடுத்த ஒரு முடிவை எழுதிட்டு வாங்க" என்றார்.

என்னிடம் அப்படி எந்த முடிவும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. தோழி ஒருத்தி தேர்வில் என்னைப் பார்த்து எழுதினாள், அவளைக் காட்டிக்கொடுக்காமல் தனியே அழைத்துப் புத்தி சொன்னேன் என்று எழுதினேன். பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் எதையும் துல்லியமாக எழுதும் பழக்கம் அப்போதே உண்டு. 'ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் தோழி' என்று எழுதிவைத்தேன். எங்கள் வகுப்புக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான்.

அத்தை அதை உரக்கப் படித்தார். "பேரைச் சொல்லாம விட்டிருக்கா பாருங்க, அதுதான் அன்பு" என்றார். இருபத்தொரு தலைகளும் எனக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தன. அவள் அப்போது மாடியில் இருந்தாள்.

மறுநாள் அத்தை அவளை எழுப்பி, தன் மேசையை ஒட்டிய தனி டெஸ்க்கில் உட்காரவைத்தார். காரணம் சொல்லவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே அவள் என்னிடம் கேட்டாள்.

"ஏன்டி, உங்க அத்தை எதுக்கு என்னைத் தனியா ஒக்கார வச்சிருக்கா? நான் என்னடி தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் இல்லடி. உனக்கு போர்டு சரியா தெரியலைன்னு நெனச்சிருப்பாங்க."

"நேக்கு நன்னாத்தானே தெரியறது."

"எதுக்கும் கண்ணை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடு."

சனிக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். காப்பி அடித்தது ஒன்று, பொய் இரண்டு என்று எண்ணிக்கை பிசகாமல் சொன்னேன். சாமியார், "அந்தப் பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிடுவியாம்மா?" என்று கேட்டார். "சொல்லிடுறேன் சாமி" என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு சொன்னேன். வெளியே வந்தபோது உடம்பே லேசாகிவிட்டது போல இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் நேராக அத்தையிடம் போய் ஒரு சீட்டை நீட்டினாள்.

"டீச்சர், கண்ணுல ஒரு கோளாறும் இல்லையாம். அப்பா அழைச்சிண்டு போனார், டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார். நான் பழைய எடத்துக்கே போகட்டுமா?"

"கண்ணா? கண்ணைப் பத்தி யாரு சொன்னது?"

"அவதான் டீச்சர். நீங்க அப்படி நெனச்சிருப்பேள்னு சொன்னா."

அத்தை என்னைப் பார்த்தார். நான் டெஸ்க்கின் மரத்தைப் பார்த்தேன். சீட்டை மடித்து அவளிடமே கொடுத்து, "போய் உக்காரும்மா" என்றார். அன்று மாலை வீட்டில் என் கட்டுரையைத் திருப்பித் தந்தார். "கிழிச்சுப் போட்டுடு. உங்க அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல." அவ்வளவுதான். மறைக்கல்வி வகுப்பிலும் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்த இருபத்தொரு பேருக்கும் நான் எழுதியதே உண்மையாக நின்றுபோனது.

புதன்கிழமை நன்னெறி வகுப்பு முடிந்து அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி என்னிடம், "ஏய், நோட்டை மூடி வைடி, ஸ்ரீரங்கம் பஸ் வந்திடுச்சு" என்றாள். பாதி வகுப்பு சிரித்தது. தன் ஊர் பஸ்ஸில் என்ன வேடிக்கை என்று தெரியாமல், அவளும் சிரித்துக்கொண்டே வந்து என் அருகில் உட்கார்ந்தாள். நானும் சிரித்தேன். சனிக்கிழமையே பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டதே, இனி நான் சிரிப்பதில் தவறொன்றும் இல்லை என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.