கேத்தலுக்குப் போட்ட புள்ளடி

தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் வெறும் கேத்தலைக் கரண்டியால் தட்டினால் வரும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? டங்... டங்... எனக்கு இன்றைக்கும் அது காதுக்குள்ளேயே இருக்கிறது.

மாநகர சபைத் தேர்தலை வட்டார முறைக்கு மாற்றிய முதல் தடவை அது. அதுவரை முழு நகரத்துக்கும் பொதுவாகத்தான் உறுப்பினர்கள். இனி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சொந்தமாக ஓர் ஆள் என்றார்கள். எங்கள் ஒழுங்கைக்கே, அந்தக் குறுகிய தெருவுக்கே, தலைகால் புரியவில்லை. மாரி வந்தால் வாவித் தண்ணீர் அடுப்படி வரைக்கும் வரும். வடிகான் கட்டித்தர யாராவது வேண்டுமே!

என் அக்கா வதனி ஒரு சுயேச்சைக் குழுவில் நின்றாள். சின்னம் கேத்தல். புருசனை இழந்தவள், கையில் ஒரு பெண்குழந்தை. குவைத்துக்கு வேலைக்குப் போக பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

"எலக்சன்ல வெண்டா புள்ளையோட இங்கயே இருந்திருவன் தம்பி" என்றாள்.

வீட்டுக் கேத்தலைக் கரண்டியால் தட்டிக்கொண்டே வீடு வீடாகப் போனோம். கை முழுக்கக் கரி. எதிர்வீட்டுக் கண்மணி மாமி விடுவாவா? "கேத்தல் மட்டும் கொண்டுவாறாய், தேத்தண்ணி எங்ககா?"

ஆனால் வட்டாரம் பிரித்தவர்கள் எல்லைக்கோட்டை எங்கள் ஒழுங்கையின் நடுவால் இழுத்துவிட்டார்கள். மாமியின் பக்கம் வேறு வட்டாரம்.

"மாமி, உங்கட பக்கத்துக்கு நான் இல்ல" என்று அக்கா சொல்லித்தான் பார்த்தாள்.

"சும்மா இரு புள்ள. உனக்குப் போடாம ஆருக்குப் போடுற?"

வாக்குச்சீட்டில் ஆளின் பெயர் இல்லை, சின்னம் மட்டும்தான். மாமியின் சீட்டிலும் கேத்தல் இருந்தது. எதிர்ப்பக்கம் முழுவதும் அதற்கே புள்ளடி போட்டது. அந்த வட்டாரத்தில் அக்காவின் குழுவில் நின்ற வேறொருவர் வென்றார். எங்கள் ஒழுங்கையை மிதித்தே பார்க்காதவர்...

எங்கள் பக்கத்தில் அக்கா கொஞ்ச வாக்கில் தோற்றாள்.

மாமி ஓடி வந்தா. "கேத்தல் வெண்டிட்டாம்கா! ஒரு வீடு மிச்சமில்லாம உனக்குத்தான் போட்ட!"

உண்மையைச் சொல்ல நான் வாய் திறந்தேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். "ஓம் மாமி" என்று சிரித்தாள். உள்ளே போய் அழுதாள். அடுத்த மாதமே குவைத்துக்குப் போய்விட்டாள், குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு.

அப்போது ஒழுங்கைக்கு ஒரு கேத்தல் சத்தமாவது இருந்தது. இப்போது வட்டாரம் இருக்கிறது, உறுப்பினர் இருக்கிறார், வடிகான் மட்டும் இல்லை. போன மாரியிலும் மாமி பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தா. அந்த நேரம் அக்கா குவைத்திலிருந்து வீடியோ கோலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாமிட வீட்டுக்குள்ளயும் தண்ணியா தம்பி?"

போனை மாமியிடம் நீட்டினேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டா.

"வெல்ல வெச்சம்... பதவிய ஆருக்கோ வித்துப்போட்டு எங்கள விட்டுட்டுப் போனவள். அவளோட எனக்கென்ன கதை?"

அக்காவுக்கு அது கேட்டது. இந்த முறையும் "ஓம் மாமி" என்றுதான் சிரித்தாள்.