எருக்கஞ்செடியும் அக்காவின் சனிக்கிழமைகளும்

எங்கள் அக்கா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவை ஒவ்வொரு விதமாக அறிந்தவர்கள். சிலருக்கு அவர் தொழிற்சாலைத் தோழி. சிலருக்குக் கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை பரிமாறிய கை. பாயான் பாருவில் எங்கள் வரிசையில் குடியிருப்பவர்களுக்கு, சனிக்கிழமை காலையில் டார்ச் விளக்கோடு வந்து கேட்டைத் தட்டியவர். உடன்பிறந்த தங்கை என்ற முறையில் நான் அறிந்ததை எழுதுகிறேன். என் தவறு ஒன்றும் இதில் வருகிறது. அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை.

அக்கா நிபோங் திபால் பக்கத்துப் பைராம் தோட்டத்தில் பிறந்தார். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரு பெண்கள் மட்டுமே. அக்கா பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிய ஆண்டில் அப்பா தவறினார். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே அக்கா, பாயான் பாரு இருக்கும் தீவுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டார். மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைத்தான் செய்தார். அந்த உழைப்பில்தான் அம்மாவையும் என்னையும் பாயான் பாருவுக்கு அழைத்துவந்தார். என்னைப் படிக்கவைத்தார். வாசலில் பத்தடி மண் உள்ள ஒரு வரிசை வீட்டையும் வாங்கினார்.

அந்தப் பத்தடி மண்ணில் அம்மா முதலில் வைத்தது கறிவேப்பிலை. அதில் புழு வந்தால் அம்மா குச்சியால் தட்டிவிடுவார். ஒருநாள் இரவு வேலை முடிந்து காலையில் வந்த அக்கா, தேநீர்க் குவளையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று கொழுந்து நுனியில் தொட்டுத் தொட்டுப் போவதைப் பார்த்திருக்கிறார். அது போனதும் எழுந்து சென்று இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்காவுக்கு முட்டை தெரிந்தது. மைக்ரோஸ்கோப்பில் பழகிய கண் அல்லவா?

அன்று முதல் கறிவேப்பிலையில் யாரும் கை வைக்கக்கூடாது என்றாகிவிட்டது. சமையலுக்கு வேண்டிய இலையைப் பாசாரில் வாங்கினோம். முட்டை புழுவாகி, புழு கூடாகி, கூட்டிலிருந்து பூச்சி வெளிவந்த நாளை, சீனக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டியில் அக்கா சிவப்பு மையால் வட்டமிட்டார். பிறகு எலுமிச்சை வந்தது, இட்லிப்பூ வந்தது. கடைசியாக, சுங்கை பாக்காப் கோயில் ஒன்றின் பின்புறத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்துவந்து நட்டார். அது எருக்கு. ஆரஞ்சு நிறத்தில், சிறகு ஓரம் கறுத்து வெள்ளைப் புள்ளி வைத்த பூச்சி அதில்தான் முட்டையிடும் என்று யாரிடமோ கேட்டறிந்திருந்தார்.

வீட்டு வாசலில் எருக்கு வைத்தால் குடும்பம் விளங்காது என்று சொல்லாத உறவினர் இல்லை. இதைப் படிக்கும் சிலரும் சொல்லியிருப்பீர்கள், நான் குறையாக எழுதவில்லை. அப்போது அக்காவைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், எல்லாம் பிடித்துப்போய், போகும்போது அந்தச் செடியை மட்டும் எடுத்துவிடச் சொன்னது. அக்கா மறுத்துவிட்டார். செடிக்காகவா ஒரு சம்பந்தத்தை விடுவது என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். அக்கா அம்மாவிடம் சொன்ன பதில் இது.

"இன்னிக்குச் செடிய எடுக்கச் சொல்றாங்க. நாளைக்கு வேலைய விடச் சொல்வாங்க. அதுக்கப்புறம் ஒங்கள எங்க விடச் சொல்வாங்கன்னு நெனச்சுப் பாருங்கம்மா."

அக்கா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக வருந்தியதாகவும் எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் திருமணமானபின் என் கணவரும் அதே வீட்டுக்கு வந்தார். மகள் யாழினி பிறந்தாள். அம்மா காலமானார். தோட்டம் அடர்ந்தது. துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியபோது, குஞ்சு பறக்கும்வரை நாங்கள் ஈரத்துணியை மாடிப்படிக் கம்பியில் காயப்போட்டோம். பின்கால்வாயிலிருந்து ஓர் உடும்பு மாதம் ஒருமுறை வந்து எங்கள் வாசலைக் கடந்து போகும். அது போகும்வரை அக்கா யாரையும் கதவைத் திறக்க விடமாட்டார். மைனா வந்து புழுவைக் கொத்திக்கொண்டு போனாலும் விரட்டமாட்டார். ஏன் என்று யாழினி கேட்டால், அதுக்கும் வீட்ல புள்ள இருக்குல்ல என்பார்.

யாழினிக்கு ஒன்பது வயதிருக்கும்போது டெங்கி வந்தது. நான்காம் நாள் இரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போயின. அக்கா தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். நாற்காலியில் உறங்கி, எத்தனை மில்லி தண்ணீர் குடித்தாள் என்று தாதியருக்கு முன்பே கணக்குச் சொன்னார். நான் குளிக்கவும் கஞ்சி வைக்கவும் வீட்டுக்கு வந்து போனேன்.

அப்படி வந்த ஒரு காலையில், வாசலில் நின்ற என் கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடித்தேன். உள்ளங்கையில் இரத்தம். நிமிர்ந்து பார்த்தால் எங்கும் இலை. என் பிள்ளையை இந்தத் தோட்டம்தான் படுக்கையில் போட்டது என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. தெருவில் புல்வெட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எருக்கு பால் வடியக் கிடந்தது. கறிவேப்பிலை அம்மா வைத்தது என்பதுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். காய்ச்சல் கண்ட வீடு என்பதால் அது வழக்கம். வெட்டிப்போட்ட குவியலைப் புரட்டிப் பார்த்தார்கள், தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு உள்ளே வந்தார்கள். சமையலறைச் சன்னலில் நான் ஒரு புட்டியில் தண்ணீர் ஊற்றி மணிபிளாண்ட் வைத்திருந்தேன். தண்ணீர் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாது. அதிகாரி டார்ச் அடித்துக் காட்டினார். கொசுப்புழுக்கள் துள்ளின. யாழினியைக் கடித்த கொசு அதிலிருந்துதான் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் கொசுப்புழு கண்ட ஒரே இடம், நான் வைத்த அந்தப் புட்டிதான்.

அன்று பிற்பகல் என் கணவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தார். கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். நான் வாசல்படியில் நின்றேன். முதலில் என்ன சொன்னார் தெரியுமா?

"யாழினிக்குக் காய்ச்சல் எறங்கிருச்சு. எழுந்து ஒக்காந்து கஞ்சி குடிச்சா. நீ சாப்ட்டியா?"

பிறகு குவியலின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பி, உயிரோடிருந்த கூடுகளைப் பொறுக்கித் தம் கைக்குட்டையில் வைத்தார். எனக்குத் தாங்கவில்லை. புட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"பயந்துட்ட. புள்ளைய அப்படிப் பாத்தா யாருக்குந்தான் பயம் வரும். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வெட்டிக் குடுத்திருப்பேன்லா. கேக்காம வெட்டிட்டியே."

அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

யாழினி வீடு திரும்பிய வாரத்தில் அக்கா மறுபடியும் சுங்கை பாக்காப் போய் எருக்கங்குச்சி கொண்டுவந்தார். நடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, மறுபடியும் வைக்கப்போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டார். எந்த முகத்தோடு நான் மறுப்பது? அதோடு நிற்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை டார்ச்சை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த சனிக்கிழமை மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் அனுமதி கேட்டு அவர் வீட்டில் பார்த்தார். அதற்கடுத்த வாரம் முழு வரிசையும். எதற்கு இந்த வீண்வேலை என்று என் கணவர் கேட்டார்.

"பூச்சி வேணும்னு செடி வச்சது நானு. கொசு வராமப் பாக்க வேண்டியதும் நான்தானே."

முதலில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்கள் உண்டு. சுகாதார இலாகாவில் வேலை கிடைத்துவிட்டதா என்று கேலி பேசியவர்களும் உண்டு. அக்கா அடுத்த வாரமும் போய் நின்றார், அதற்கடுத்த வாரமும் நின்றார். ஒரு வீட்டுக் கூரைக் குழாயில், இன்னொரு வீட்டுப் பழைய டயரில் கொசுப்புழு கிடைத்தபின் கதவுகள் திறந்தன. மருந்துப் புகை அடிக்க ஆட்கள் வந்தால் அக்கா தடுக்கமாட்டார். அவர்கள் தெரு முனையில் இயந்திரத்தை இறக்குவதற்குள், புழுக்களையும் கூடுகளையும் சாப்பாட்டு டப்பாக்களில் எடுத்து உள்ளறையில் வைத்துச் சாத்திவிடுவார்.

எருக்கு துளிர்த்தது. ஆனால் ஏழெட்டு மாதமாகியும் அந்த ஆரஞ்சுப் பூச்சி வரவில்லை. வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். எனக்குத்தான் அந்தக் கேள்வி உறுத்தியது. வராட்டி நம்ம என்ன செய்ய முடியும், வர்றப்ப எல இருக்கணும், அதுதான் நம்ம வேல என்றார் அக்கா.

அது வந்த நாளில் அக்கா வேலையில் இருந்தார். நான்தான் பார்த்தேன். வயிற்றை வளைத்து எருக்கிலையின் அடியில் முட்டை வைத்துவிட்டுப் போனது. தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது என்பதால் தகவல் சொல்ல வழியில்லை. மாலையில் பேருந்து நிற்கும் இடத்துக்கே போய்க் காத்திருந்தேன். இறங்கியவரிடம் சொன்னேன். அக்கா ஓடவில்லை. வீட்டுக்கு வந்து, தொழிற்சாலை மருந்து வாடை போகக் குளித்து, உடை மாற்றிக்கொண்டு, அதன்பிறகே செடியருகில் போனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, இந்த முறை முட்டையை நீ முதலில் பார்த்துவிட்டாய் என்றார்.

ஐம்பதைத் தாண்டியபோது கண்பார்வை மங்கியதால் வேலையை விட்டார். அதன்பின் தோட்டமும் தெருவும்தான் அவர் உலகம். மூன்றாண்டுகளுக்கு முன் குடலில் புற்றுநோய் என்று தெரியவந்தது. அறுவை, மருந்து, மறுபடி மருந்து. எந்த நாளில் மருந்து ஏற்றினாலும் சரி, சனிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். நடக்க முடியாமல் போனபோது சக்கர நாற்காலியில் போனார். மக்சிக்தான் தள்ளுவார். மடியில் டார்ச் விளக்கோடு அக்காவும், பின்னால் குடை பிடித்தபடி மக்சிக்கும் வீடு வீடாகப் போனதை எங்கள் வரிசையில் பார்க்காதவர் இல்லை.

கடைசி வாரத்தில் அதுவும் முடியவில்லை. கூடத்தில் கட்டில் போட்டு, வாசல் தெரியும்படி படுக்க வைத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று நான் செடிகளை வெட்டச் சொன்னதற்கு என்று தொடங்கினேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அத விடு. நாளைக்குச் சனிக்கெழம. யாரு போறா?"

"நான் போறேங்க்கா."

மறுநாள் காலை போனேன். திரும்பி வந்ததும் ஒவ்வொரு வீடாகக் கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வீட்டுக் கூரைக் குழாயைப் பார்த்தாயா என்று கேட்டார். அதைப் பார்க்கவில்லை என்றேன்.

"போய்ப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீர் இல்லை என்று சொன்னதும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு அக்கா பெரும்பாலும் உறக்கத்திலேயே இருந்தார். திங்கட்கிழமை விடிந்தபின், வாசலில் வெயில் இறங்கிய நேரத்தில், எங்கள் கண் முன்னே அமைதியாக மூச்சு அடங்கியது.

அக்காவுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலை முடிந்த சீருடையோடு நேராக இறுதிச் சடங்குக்கு வந்து நின்ற தொழிற்சாலைத் தோழியருக்கும், சுங்கை பாக்காப்பிலிருந்தும் பைராமிலிருந்தும் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த உறவினர்களுக்கும் நன்றி. பதினாறு நாளும் எங்கள் அடுப்பு எரியாதபோது, மரக்கறி உணவாகவே சமைத்துக் கொண்டுவந்த மக்சிக்குக்குத் தமிழில் எழுதி நன்றி சொன்னால் புரியாது. யாழினி இதை அவருக்கு மலாயில் படித்துக் காட்டுவாள். ஒவ்வொரு நாளும் அக்காவைத் தூக்கி உட்காரவைத்த என் கணவருக்கும், இந்த மலருக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்த யாழினிக்கும் அக்காவின் சார்பில் நான் கடன்பட்டவள்.

எங்கள் வரிசையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஓராண்டில் நான் ஒரு வாரமும் தவறவில்லை, நீங்களும் கதவைச் சாத்தவில்லை. வரும் சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்கு வருவேன். நாய் வைத்திருப்பவர்கள் கட்டிவைத்தால் உதவியாக இருக்கும்.