திருத்தணிக்குப் போய் வாங்கிவந்த ஒரு கையெழுத்து

எல்லோரும் முருகனைப் பார்க்கத் திருத்தணி போவார்கள். நான் போன புதன்கிழமை ஒரு வெல்டரைப் பார்க்கப் போனேன்.

முப்பது வருடம் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரசு, கப்பல் வாங்கும் விதிகளைத் திருத்தப் போகிறது, யாரும் கருத்துச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று அறிவிப்பு வந்திருந்தது. சும்மா இருப்பேனா? ஒரு மனு எழுதினேன். கடற்படைக்கு ஒவ்வொரு கப்பலாக, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு ஆர்டர் கொடுக்காதீர்கள், ஒரே மாதிரிக் கப்பல் நான்கைந்தைச் சேர்த்துக் கொடுங்கள். குறைந்த விலை சொன்னவர் யார் என்று மட்டும் பார்க்காமல், அவர் முன்பு கட்டிய கப்பல் எப்படி ஓடுகிறது என்றும் பாருங்கள். இவ்வளவுதான். கூடவே கையெழுத்துப் போடச் சொல்லி, பழைய சகாக்கள் பதினொரு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒன்பது பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். ஒருவர் இன்னும் திறந்தே பார்க்கவில்லை. இன்னொருவர், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். உண்மையில் இல்லை.

அந்தப் பதினொரு பேரில் சேராமல் மிச்சம் இருந்தவர் வெல்டர் முனிரத்தினம். கப்பல் அடித்தட்டில் அவர் வைத்த ஜாயிண்டை எக்ஸ்ரே எடுத்தால் குறை என்று ஒரு புள்ளி தெரியாது. வேலை போனபின் சொந்த ஊரான திருத்தணிக்கே போய்ப் பட்டறை வைத்துவிட்டார் என்று கேள்வி.

சென்னை சென்ட்ரலில் காலை 6.40க்கு மின்சார ரயில். எண்பத்து நான்கு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் இருபது ரூபாய். திங்கட்கிழமை காய்கறிக்காரரிடம் பேசியதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தது அந்த டிக்கெட் கவுண்டரில்தான். அரக்கோணம் தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"மொட்டையா மேடம்? நல்ல எடமா காட்டறேன்," என்றார் ஓட்டுநர்.

"இல்லங்க. சாமி பாத்துட்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போகணும்."

"தனியாவா வந்துகீறீங்க?"

"ஆமா."

"ஆங்," என்றவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

படிகள் முந்நூற்று அறுபத்தைந்து. வருடத்தின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்பார்கள். ஒரு குடும்பம் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்தபடி ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் என் முழங்கால் மக்கர் செய்ய, உட்கார்ந்தேன். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். தரிசனம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

பட்டறை சித்தூர் சாலையில் இருக்கிறது. ஆட்டோ அறுபது ரூபாய். முனிரத்தினம் ஒரு இரும்பு கேட்டில் தகட்டில் வெட்டிய மயில் தோகையை ஒட்டிக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், இவ்ளோ தூரம்?"

டீ வரவழைத்தார். மனுவைக் கொடுத்தேன். நிறுத்தி நிதானமாகப் படித்தார். கடைசியில் என் கையெழுத்துக்குக் கீழே, "முனிரத்தினம், கப்பல் வெல்டர்" என்று அச்சடித்து வைத்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கப்பல் வெல்டருக்குச் சான்று அட்டை உண்டு. ஆறு மாதம் அந்த வேலையைச் செய்யாவிட்டால் அட்டை செல்லாது. அந்த விதி சரியானதே, கடலில் போகிறவர்களின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் எங்கள் தளத்தில் ஒரு கப்பல் முடிந்து அடுத்த ஆர்டர் வர எட்டு மாதம் ஆனது. நடுவில் ஒரு நாள் வேலை செய்ததாக எழுதித் தரும்படி முனிரத்தினம் என்னிடம் கேட்டார். மறுத்து, அட்டையில் "காலாவதி" என்று முத்திரை குத்தியவள் நான். அடுத்த கப்பலுக்குக் குறைந்த கூலிக்கு வந்த புது ஆட்கள் வைத்த ஜாயிண்டுகளை வெட்டியெடுத்து மறுபடி வைக்கச் சொன்னவளும் நானே.

"கப்பல் வெல்டர்னு போட்டுக்கீது," என்றார் முனிரத்தினம். "நாலு வருசமா நான் கப்பல தொடல மேடம். செய்யாத வேலய செஞ்சான்னு எழுதமாட்டேன்னு அன்னிக்கு சொன்னீங்க. இன்னிக்கு நான் மட்டும் எழுதலாமா?"

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் அன்னிக்கு செஞ்சது தப்பா?"

"நீங்க செஞ்சது கரெக்ட்டுதான். ஆர்டர் வராததுதான் தப்பு. நம்ம மலைப் படி வருசத்துக்குக் கணக்குன்னா, ஆறு மாசத்துல என் கார்டு பாதி மலையிலயே பூட்ச்சு."

என் பேனாவை வாங்கினார். "கப்பல்" என்பதை அடித்துவிட்டு, மேலே "கேட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஆர்டர் வந்தா சொல்லுங்க. திரும்ப டெஸ்ட் குடுக்கறேன்."

 மனுவை மடித்துப் பையில் வைத்தேன்.

போகிறவர்களுக்கு: செவ்வாயும் கிருத்திகையும் கூட்டம் நெரியும், தவிர்த்துவிடுங்கள். பத்து மணிக்குள் படியேறிவிடுங்கள், பிறகு கால் சுடும். தண்ணீர் கையில் இருக்கட்டும். மூட்டுவலிக்காரர்கள் மலைப்பாதையில் வண்டியிலேயே போகலாம். முடிந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

மனுவை அன்று மதியமே திருத்தணியில் விரைவுத் தபாலில் சேர்த்தேன். அதில் இரண்டு பேர். ஒருத்தி ஓய்வு பெற்ற ஆய்வாளர், ஒருவர் கேட் வெல்டர். கப்பல் கட்டுகிறவர் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒருவரும் இல்லை.