அப்பா கூடுதலாகச் சுற்றிய கம்பி

பள்ளிக்கூடத்தில், "உங்க அப்பா என்ன வேலை செய்யறார்?" என்று கேட்டதற்கு என் சின்ன மகள், "கிழட்டுக் கம்ப்யூட்டருக்கெல்லாம் கஞ்சி ஊத்தறாருங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வகுப்பே சிரித்ததாம். சிரித்தால் சிரிக்கட்டும். என் வேலையை அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பிள்ளைகளே. மடிக்கணினியெல்லாம் வருவதற்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்தது. எழுத்துகளைத் தட்டுகிற பலகைதான் கம்ப்யூட்டர். எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். டி.வி.யில் மாட்டினால் எழுத்துத் தெரியும். எழுதிய புரோகிராமைப் பாட்டு கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். அந்த மெஷின்களை இன்றைக்கும் சிலர் ஆசையாக வைத்திருக்கிறார்கள். மெஷின் நன்றாகவே இருக்கும். அதற்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை டப்பா செத்துப் போயிருக்கும். புதிது கடையில் கிடைக்காது. அப்படிப்பட்டவர்களுக்காக நான் சிங்காநல்லூரில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, அந்தந்த மெஷினுக்குத் தக்கபடி டப்பா செய்து தருகிறேன். கூடவே டி.வி. கேபிள், கேசட் ஒயர், தூசி படியாமல் மூடுகிற உறை.

நான் அனுப்புகிற டப்பாவில் கேட்காத வேலை ஒன்று கூடுதலாக இருக்கும். கரண்ட் அளவுக்கு மேல் ஏறினால், மெஷினுக்குப் போகவிடாமல் அது தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். "இது எதுக்குங்க, நான் கேக்கலையே" என்பார்கள். "இருக்கட்டுமுங்க" என்பேன். காரணத்தை அவர்களிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அக்கா பதினொன்றாம் வகுப்பு. வீட்டின் முன்பக்கத்தில் அப்பாவின் வைண்டிங் பட்டறை. கிணற்று மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் கருகிவிட்டால், அந்தக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி கட்டித் தருவார். அவிநாசிப் பக்கத்திலிருந்துகூட மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஏனென்றால் அப்பாவுக்கு ஒரு பேர் இருந்தது: அவர் கை பட்டது மங்கின கரண்டிலும் ஓடும்.

அந்தக் காலத்தில் தோட்டத்து மோட்டாரும் தறியும் மில்லும் ஒன்றாக ஓடும்போது வீட்டுக்கு வருகிற கரண்ட் இளைத்துப் போயிருக்கும். பல்பு மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி எரியும். ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றும். "நம்மூர்க் கரண்டு நோஞ்சானுங்க. நாமதான் அதுக்குத் தக்கன சேத்திச் சுத்தோணும்" என்பார் அப்பா. கரண்டைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர் என்றால் கணக்குக்கு மேல் கொஞ்சம் கம்பி கூடுதலாகச் சுற்றுவார். இளைத்து வந்த கரண்டையும் அது தூக்கிக் கொடுத்துவிடும். இதுதான் அவருடைய கைராசியின் ரகசியம்.

கப்பலில் வேலை பார்த்த எங்கள் மாமா ஒரு லீவுக்கு வந்தபோது, ஏதோ துறைமுகத்தில் பழையதாக வாங்கிய ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை அக்காவுக்குக் கொண்டுவந்தார். பெட்டியில் கம்ப்யூட்டர் இருந்தது, ஒயர் இருந்தது, தலையணை தடிமனுக்குப் புத்தகம் இருந்தது. கரண்ட் கொடுக்கிற டப்பா மட்டும் இல்லை.

"ஏன் மாப்ள, வண்டி வாங்கினவன் மாடு எங்கேன்னு கேக்க வேண்டாமா?" என்று அப்பா சிரித்தார்.

"அதான் நீங்க இருக்கறீங்களே மச்சான்" என்று மாமா தப்பித்துக்கொண்டார்.

அக்கா புத்தகத்தைப் பார்த்து ஐந்து வோல்ட் என்றாள். "அஞ்சு வோல்ட்டா? எறும்புக்கு விருந்து வெக்கறாப்புல இருக்குதே" என்று சொன்னாலும் அப்பாவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ரேடியோ ரிப்பேர்காரரிடம் கேட்டு, வோல்ட்டை ஒரே அளவில் பிடித்து நிறுத்துகிற சின்னச் சாமான் ஒன்றை வாங்கிவந்தார். டிரான்ஸ்பார்மரைத் தானே சுற்றினார். பழைய சுவிட்சுப் பெட்டிக்குள் இரண்டையும் வைத்து மூடினார்.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும் எல்லார் வீட்டிலும் விளக்குப் போட்டார்கள். டி.வி.யில் அக்காவின் எழுத்துகள் நடுங்கி, அழிந்தன. மத்தியானம் முழுக்க அவள் தட்டியது போயிற்று.

"கரண்டு பத்தல. இன்னுங் கொஞ்சம் சுத்திப்போடறேன், இரு" என்றார் அப்பா.

"கணக்குக்கு மேல போயிராதுங்களாப்பா?"

"நீ புத்தகத்துக் கரண்டப் படிச்சிருக்கற கண்ணு. நான் சிங்காநல்லூர்க் கரண்டப் படிச்சிருக்கறேன்."

அக்காவும் சிரித்துவிட்டாள். புத்தகத்தைவிட அவளுக்கு அப்பா பெரிது. கூடுதலாகச் சுற்றியபின் எழுத்து நடுங்கவே இல்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் படிக்கக் காலேஜுக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதே சமயம் பெரியப்பா தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்புக்காரர் வீடு ஒன்றில் அவளுக்குச் சம்பந்தம் பேசி வைத்திருந்தார். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். எங்கள் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் எதுவும் நடக்காது. அந்தத் தோப்புக்கு யானை வரும் என்று யாரோ சொன்னதால் நான் முழுமனதாகக் கல்யாணத்தின் கட்சியில் இருந்தேன்.

அப்பா நடுவில் நின்றார். கடைசியில் அக்காவிடம், "ஆயுத பூசைக்குப் பெரியப்பா வாராரு. அவரு முன்னால இந்த மிஷின் உருப்படியா ஒண்ணு செய்யட்டும். அப்பறம் நான் பேசறேன்" என்றார்.

தன் புரோகிராமுக்கு அக்கா அப்பாவின் தொழிலையே எடுத்துக்கொண்டாள். மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று தட்டினால், என்ன கம்பி, எத்தனை சுற்று என்று மெஷின் சொல்ல வேண்டும். பட்டறையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினாள். அப்பாவும் வாய் வலிக்கச் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசி நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆயுத பூசை வந்தது. பட்டறையைக் கழுவி, சுத்தியல் முதல் சுற்றுகிற மெஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அக்கா தன் கம்ப்யூட்டருக்கும் எழுத்துகளின் மேல் படாமல் ஓரமாக ஒரு பொட்டு வைத்தாள். ஊரே சத்தமில்லாமல் இருந்தது. மில் ஓடவில்லை, லேத் ஓடவில்லை, தறி ஓடவில்லை. எங்கள் வீட்டுப் பல்பு கல்யாண வீட்டுப் பல்பு மாதிரி பளீரென்று எரிந்தது. சாமி வந்திருக்கிறது என்று நான் நினைத்தேன்.

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா கேசட்டை ஓடவிட்டாள். அது கீச்சுக்கீச்சென்று கத்தியது.

"ஏனம்மணி, இதுக்கு வகுறு வலியா?" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தோம். அக்காவும்தான்.

அவள் ஐந்து குதிரை மோட்டார் என்று தட்டினாள். டி.வி.யில் பதில் வந்தது. பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "செரியாத்தானுங்கண்ணா சொல்லுது" என்றார் அப்பா. அந்த நேரத்து அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தான் கட்டிய மோட்டார் முதல் தடவை தண்ணீரைத் தள்ளும்போது வருகிற முகம்.

"எங்க தோட்டத்து மோட்டாரு ஏழரை. அதைக் கேளு பார்க்கலாம்" என்றார் பெரியப்பா.

அக்கா தட்டினாள். பதில் வர வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ நிரம்பியது. பிறகு திரை வெறும் சாம்பலானது. கருகின வாடை வந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியது அப்பாதான். பிடுங்கிவிட்டு டப்பாவின் மேல் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"ஒரு கேள்விக்கே கருக்கிப்போட்டா. காலேஜுக்குப் போயி எதையெதைக் கருக்கப் போறாளோ" என்றார் பெரியப்பா. அவர் கெட்ட மனிதர் இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"நாந்தானுங்கப்பா என்னமோ தப்பா அமுத்திப்போட்டேன்" என்றாள் அக்கா.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, உடு கண்ணு" என்றார். "எலையப் போடச் சொல்லு."



தப்பான எழுத்தை அமுக்கி எந்தக் கம்ப்யூட்டரையும் கருக்க முடியாது, பிள்ளைகளே. அன்றைக்கு ஊரில் எந்த மெஷினும் ஓடாததால், குடிக்க ஆளில்லாத கரண்ட் முழுப் பலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா கூடுதலாகச் சுற்றிய கம்பி அதை இன்னும் ஏற்றிவிட்டது. பிடித்து நிறுத்த வேண்டிய சின்னச் சாமான் தாங்குகிற வரைக்கும் தாங்கி, சூடேறிச் செத்தது. பிறகு அத்தனையும் கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. வருஷம் முழுக்க நல்லதாயிருந்த கைராசி, அந்த ஒரு நாளில் நெருப்பானது. அந்த வீட்டில் அதைத் தெரிந்துகொண்ட ஒரே ஆள், டப்பாவைத் தொட்டுப் பார்த்தவர்.

அடுத்த வருஷம் அக்கா தொண்டாமுத்தூருக்குப் போனாள். நல்ல குடும்பம்தான், குறையொன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கும் போனில் புதிதாக எதையாவது அழுத்த வேண்டுமென்றால் தன் மகனைக் கூப்பிடுகிறாள். "என் கை ராசி தெரியாதா உனக்கு? ஒரு கம்ப்யூட்டரையே கருக்கினவ" என்று சிரிக்கிறாள். நான் இந்தத் தொழிலுக்கு வந்து விஷயம் புரிந்தபின், அப்பா காலமான பிறகு, அவளிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"போடா. அப்படியிருந்தா அப்பா சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்றாள்.



அன்றைக்கு நான் பார்த்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவைக் காணோம். அம்மா ஒரு கிண்ணத்தில் சுண்டல் கொடுத்து என்னைத் தேடி அனுப்பினாள். பட்டறைக் கதவு ஒருக்களித்திருந்தது. பூசைக்கு வைத்த பட்டறைச் சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது என்று எங்களை விரட்டுகிற அப்பா, கட்டிங் பிளேயரைக் கையில் பிடித்திருந்தார். அதில் குங்குமம் அப்படியே இருந்தது. டப்பாவைத் திறந்து, டிரான்ஸ்பார்மரின் தகடுகளைக் கழற்றி, தான் சுற்றிய கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்ததைத் துண்டு துண்டாக நறுக்கிக் கழிவுக் கம்பிச் சாக்குக்குள் போட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். சுண்டலை அங்கேயே வைத்துவிட்டு அக்காவிடம் ஓடினேன். "அப்பா உன்னோடதை ரிப்பேர் பண்றாரு! பூசை அன்னிக்கே பண்றாரு!" என்று கத்தினேன்.

அக்கா எழுந்து முகம் கழுவினாள். கேசட்டை முதலிலிருந்து ஓடுகிறபடி திருப்பிச் சுற்றி வைத்துக்கொண்டு, பட்டறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பட்டறையில் யார் எதைப் பிரித்தாலும், மறுபடி கட்டுவதற்காகத்தான் பிரிப்பார்கள். வேறு எதற்காகவும் ஒருவர் பிரிப்பார் என்று எனக்கு அப்போது தெரியாது.