ஒரே நம்பர், இரண்டு வெல்டர்கள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மெஷினைத்தான் திட்டுவேன். அன்றைக்கும் அப்படித்தான். துவாக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசல், காலை பத்து மணி, வாட்ச்மேன் கையில் லிஸ்ட். அதில் நான் கூட்டி வந்திருந்த பாயின் பெயர் இல்லை.

"இன்னொரு தடவ பாருங்க," என்றேன்.

"மூணு தடவ பாத்துட்டேம்மா. லிஸ்ட்ல இல்லாதவங்கள உள்ள விடக் கூடாதுன்னு இன்ஜினியர் ஆர்டர்."

நான் பாலக்கரையில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பாய் பதினெட்டு வருஷம் வளைகுடாவில் குழாய் பற்றவைத்த வெல்டர். கம்பெனி மூடிவிட, ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது டெஸ்ட் வைக்க வந்திருந்த கம்பெனி நாற்பத்தைந்து வயது முடிந்தவர்களை எடுக்காது. அவருக்கு அடுத்த மாதம் முடிகிறது. அன்றைக்கு விட்டால் அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் நான் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறும்போது போன் பண்ணிக் கேட்டார். "பேரு ஏத்தியாச்சு பாய், நிம்மதியா தூங்குங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லியிருந்தேன்.

ஏற்றியது நானில்லை. முதலாளி ஒரு ஏஐ ஏஜெண்ட் வாங்கிப் போட்டிருந்தார். வருகிற பயோடேட்டாக்களை அதுவே படித்து, பெயர், வயது, அனுபவம் எல்லாவற்றையும் ஆள் சேர்க்கும் சாஃப்ட்வேரில் ஏற்றிவிடும். சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கும், நான் பட்டனை அழுத்த வேண்டும். "நீங்க இனிமே மேற்பார்வைதான்" என்றார் முதலாளி. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

வாசலில் நின்றபடியே போனில் சாஃப்ட்வேரைத் திறந்து பாயின் சர்டிஃபிகேட்டைத் தேடினேன். அது உறையூர்க்காரர் ஒருவரின் பெயருக்குக் கீழே இருந்தது. வயது இருபத்தாறு, அனுபவம் பதினெட்டு வருஷம். அட கடவுளே, எட்டு வயதிலேயே வெல்டிங் பிடித்தாரா மனுஷன்? பாயை அந்த ஆளோடு சேர்த்து ஒரே ஆளாக்கி வைத்திருந்தது அந்த ஏஐ. அந்த உறையூர்க்காரரோ உள்ளே டெஸ்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்று உடனே புரிந்துவிட்டது. லீவில் ஊருக்கு வருகிறவர்கள் அடிக்கடி சிம் மாற்றுவார்கள். பயோடேட்டாவில் இருக்கும் நம்பருக்கு அடித்தால் போகாது. அதனால் அப்படிப்பட்டவர்களின் பயோடேட்டாவில் அந்த நம்பரை அடித்துவிட்டு, என் நம்பரையே எழுதிவிடுவது என் வழக்கம். கூப்பிட்டால் நான் எடுத்து, ஆளைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுவேன். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது. இந்த முறை இரண்டு பேருக்கு எழுதியிருந்தேன். ஒருவர் உறையூர், ஒருவர் பாய்.

முதலாளிக்கு போன் போட்டேன். "மெஷின் தப்புன்னு சொல்லிடுங்கம்மா. அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்றார்.

"அவருக்கு ஏதுங்க அடுத்த தடவ?" என்று கத்திவிட்டேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். பாயும் பார்த்தார். சலவைச் சட்டை, கையில் ஃபைல், வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

டெஸ்ட் எடுக்கும் கம்பெனி இன்ஜினியர் பன்னிரண்டரைக்குத்தான் வெளியே வந்தார். கார் தயாராக நின்றது. ஓடிப்போய் வழியை மறித்தேன். "சார், இது எங்க மெஷின் பண்ண கோளாறு. இவர் வேற ஆள். ரெக்கார்டு காட்டுறேன் பாருங்க." காட்டுவதற்காக அந்தப் பக்கத்தின் பழைய பதிவுகளைத் திறந்தேன்.

'இருவருக்கும் ஒரே போன் நம்பர். பிறந்த தேதி வேறு. இருவரும் ஒரே நபரா?' என்று அது கேட்டிருந்தது. கீழே என் பெயர். பதில்: ஆம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது கேட்டு வைத்திருந்த கேள்விகளை எல்லாம் வரிசையாக 'ஆம்', 'ஆம்' என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போனது நினைவுக்கு வந்தது. போனைச் சட்டென்று மறைத்தேன்.

இன்ஜினியர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. "லிஸ்ட் நேத்தே ஹெட் ஆபீஸ் போயிடுச்சும்மா. அதுல இல்லாத ஆளுக்கு நான் மார்க் போட முடியாது. சாரி." கார் கிளம்பிவிட்டது.

எனக்கு அழுகை முட்டியது. பாய்தான் பக்கத்தில் வந்து என்னைத் தேற்றினார். "விடுங்கக்கா. மெஷின் பண்ணதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? காலையிலேருந்து தண்ணிகூடக் குடிக்காம நிக்கிறீங்க." தன் பாட்டிலை நீட்டினார்.

அதை வாங்க என் கை போகவில்லை. சும்மா இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது.

"அது கேட்டுச்சு பாய்," என்றேன். "ரெண்டு பேரும் ஒரே ஆளான்னு என்னைக் கேட்டுச்சு. நான்தான் படிக்காம ஆமான்னு அழுத்திட்டேன்."

பாய் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.