தொண்டை கட்டிய கோல்கீப்பர்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று நான் பட்டம் வாங்கிய படம். இன்னொன்று என் தாய்மாமா டெல்மர் யாரெம்கோ கோல்கீப்பர் உடையில் நிற்கும் படம். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். முதன்முதலாக டிவியில் வந்தவர் அவர். என் படம்தான் பெரியது. ஆனாலும் வருகிறவர்கள் முதலில் அவர் படத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் அவருக்கு முன்பல் இல்லை.

அந்தப் பல் ஆட்டத்தில் போனதல்ல. ஒரு பயிற்சியின்போது முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, கலினா ஊர்ப்பக்கம் இந்த வருஷம் கோதுமை எப்படி என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் அடிக்கும் ரப்பர் வட்டு நேராக வாய்க்கு வந்தது. பல்லைத் துப்பிவிட்டு, "சரி, மழை பெஞ்சுதா இல்லையா, அதச் சொல்லு" என்றாராம்.

ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆட்ட நாளன்று அவர்களிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீடு மாதிரி எல்லோரும் அடி ஓசைப்படாமல் நடப்பார்கள். டெல் மாமா விஷயத்தில் மட்டும் இது தலைகீழ். அவர்தான் எல்லோரிடமும் போய்ப் பேசுவார். பேச ஆள் கிடைக்காவிட்டால் கோல் கம்பத்தைத் தட்டி அதனிடம் பேசுவார்.

வெறும் வாயாடித்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. வலையின் முன்னால் நிற்பவனுக்குத்தான் முழு ஆட்டமும் தெரியும். வட்டை எடுக்கத் திரும்பி நிற்கும் தடுப்பாட்டக்காரனுக்குப் பின்னால் எவன் வருகிறான் என்பது தெரியாது. "முதுகுல ஆளு!" என்று மாமா கத்தினால் அவன் உடனே வட்டைத் தள்ளிவிடுவான். "நேரம் இருக்கு கண்ணு, நேரம் இருக்கு" என்றால் நிதானமாகத் திரும்புவான். மாமாவின் குரல்தான் அவர்களுக்கு முதுகில் இருந்த கண்.

எதிரணிக்காரன் தனியாக வட்டோடு வந்தால் அவனிடமும் பேசுவார். "தம்பி, ஸ்கேட்டு நாடா அவுந்திருக்கு பாரு."

மேல் லீக்கில் ஒரே ஒரு வாரம் இருந்தார். ஆடவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளே வெளியே போகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட்டார். "கதவுதான் திறந்தேன், ஆனா ஒருத்தன் கூட இடிச்சுக்கல" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். மற்றபடி அவர் வாழ்க்கை கீழ் லீக்குகளில், பேருந்துகளில், யார் யார் ஊர்களிலோ கழிந்தது. கடைசியில் கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்திலேயே பைசன்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே பயிற்சியாளர் லாண்ட்ரிக்கு மாமாவின் பேச்சு ஆகவில்லை. "இது ஐஸ் அரங்கமா, மாட்டு ஏலக் களமா?" என்று முதல் வாரமே கேட்டுவிட்டார். மாமாவுக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இடுப்பு மடங்க மறுத்தது. பெஞ்சில் கல்லூரி முடித்த இளம் கோல்கீப்பர் ஒருவன் காத்திருந்தான். அவன் வாயே திறப்பதில்லை.

அந்த வருஷ அரையிறுதித் தொடர் கடைசி ஆட்டம் வரைக்கும் இழுத்தது. லாண்ட்ரி மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "கடைசி ஆட்டத்துல ஜெயிச்சா அடுத்த வருஷத்தப் பத்திப் பேசலாம். தோத்தா, என் பக்கத்துல அந்தப் பையன் இருக்கான். வருத்தப்படாத."

மாமாவுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. அதைவிட, வேறு எந்த வேலையும் வேண்டாம்.

இதைக் கேட்டு நானும் அம்மாவும் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனோம். போய்ப் பார்த்தால் மாமாவுக்குக் குரலே இல்லை. முந்தின ஆட்டம் முடிந்து பனிப்புயலில் திரும்பும்போது, பேருந்து ஓட்டுநர் கண் அயர்ந்துவிடக் கூடாது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசியிருக்கிறார். ஹீட்டர் வேறு வேலை செய்யவில்லை. ஊர் வந்து சேர்ந்தபோது பேருந்து முழுசாக இருந்தது, மாமாவின் தொண்டைதான் போய்விட்டிருந்தது.

பனிக்காலப் பயணம் என்றால் அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய பால் இல்லாமல் கிளம்பமாட்டாள்; அன்றும் ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தாள்.

"டேய் டெல், மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடி."

மாமா தலையை ஆட்டி மறுத்தார். முகத்தைச் சுளித்தார். பாலின் வாடை பட்டதும் ஃப்ளாஸ்க்கைத் தன் பைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

"நாப்பது வயசு ஆகப்போவுது, இன்னும் நம்ம அம்மாகிட்ட அடம் பிடிச்ச மாதிரியே" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தணித்து, "இவன் கத்தாம எப்படிடா ஆடுவான்?" என்று என்னிடம் கேட்டாள்.

எதிரணியில் ஆர்லோ பெர்க்ஸ்ட்ரம் இருந்தான். அவனும் மாமாவும் முன்பு ஒரே அணியில், மூன்று குளிர்காலம் ஒரே அறையில் இருந்தவர்கள். ஆட்டத்துக்கு முன்னால் பனியைச் சுற்றி வரும்போது மாமா வழக்கப்படி ஏதாவது வம்புக்கு இழுப்பார் என்று அவன் மெதுவாகப் போனான். மாமா முகமூடியை இறக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஆர்லோவின் முகம் வாடியதை நானே பார்த்தேன்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஆட்கள் முதுகில் இடி வாங்கிக்கொண்டே இருந்தார்கள். இளம் தடுப்பாட்டக்காரன் டோபி ரென் இரண்டு தடவை திரும்பித் திரும்பி மாமாவைப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லக் கூடாதா என்பது போல. அப்படியும் கடைசியான மூன்றாம் பகுதியில் நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தோம். அம்மா சூரியகாந்தி விதையைத் தோலோடு மென்றுகொண்டிருந்தாள்.

முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும்போது எதிரணி ஆள் ஒருவன் மட்டையால் காலை வாரிவிட்டதற்காகத் தண்டனைப் பெட்டிக்குப் போனான். இரண்டு நிமிஷத்துக்கு அவர்களுக்கு ஓர் ஆள் குறைவு. "இனி கவலையில்ல" என்று பக்கத்திலிருந்தவர் காபி வாங்க எழுந்தார்.

வட்டு எங்கள் பக்கம் உருண்டு வந்தது. டோபி திரும்பி நின்று அதை எடுத்தான். அவன் முதுகுப்பக்கம் ஆர்லோ பாய்ந்து வந்துகொண்டிருந்தான். மாமா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. உடனே மட்டையால் பனியில் ஓங்கி ஓங்கித் தட்டினார்.

அங்கேதான் வினை. கோல்கீப்பர் மட்டையால் பனியைத் தட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தண்டனை முடியப்போகிறது, பெட்டிக்குள் இருப்பவன் வெளியே வருகிறான், ஜாக்கிரதை. குழந்தைப் பருவத்திலிருந்து எல்லோருக்கும் பழகிப்போன சைகை. டோபி சட்டென்று தலையைத் தூக்கிப் பெட்டிக் கதவைப் பார்த்தான். அங்கே அந்த ஆள் சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தலையைத் திரும்ப இறக்குவதற்குள் ஆர்லோ வட்டைப் பறித்துவிட்டான்.

இப்போது ஆர்லோவுக்கும் மாமாவுக்கும் நடுவில் யாரும் இல்லை.

"ஐயோ, டெல்!" என்று அம்மா எழுந்து நின்றாள்.

மாமா வலையை விட்டு முன்னால் வந்தார். ஆர்லோ வந்தான். அடிக்கவில்லை. இன்னும் கிட்டே வந்தான். இன்னும் அடிக்கவில்லை. மாமாவின் முகமூடியையே பார்த்துக்கொண்டு, எதற்கோ காத்திருக்கிறவன் போல வந்துகொண்டே இருந்தான். மாமாவின் மட்டை எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டான். மாமா குப்புற விழுந்து மட்டையை நீட்டி வட்டைக் குத்தினார். அது ஓரமாக ஓடியது. ஆர்லோ அவர் மேல் தடுக்கி விழுந்து, இருவரும் சேர்ந்து வலைக்குள் போனார்கள். வட்டு வெளியே.

ஆட்டம் அப்படியே முடிந்தது, இரண்டுக்கு ஒன்று.

ஜெயித்த நாள் என்பதால் உடை மாற்றும் அறைக்குள் எங்களையும் விட்டார்கள். ஆர்லோ அங்கேயே வந்துவிட்டான்.

"யோவ், ஏன்யா ஒண்ணும் பேசல?"

மாமா தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"நாசமாப் போச்சு!" ஆர்லோ பெஞ்சில் உட்கார்ந்தான். "நீ பேச ஆரம்பிச்சா உன் இடது கை கொஞ்சம் இறங்கும். இத்தன வருஷமா நான் உனக்குப் போட்ட கோலெல்லாம் அந்தப் பக்கம்தான். இன்னிக்கும் பேசுவ, பேசுவன்னு பாத்துக்கிட்டே வந்தேன்."

மாமா தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், புதுசாக முளைத்தது போல.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லாண்ட்ரி அப்போது உள்ளே வந்தார். "யாரெம்கோ, அடுத்த வருஷமும் நீதான்" என்றார். "ஆனா ஒரு நிபந்தனை."

அது என்னவென்று தெரியும் என்று எல்லோரும் நினைத்தோம். டோபி பொறுக்கமாட்டாமல் எழுந்தான். "கோச், தயவுசெஞ்சு இவர வாய மூடச் சொல்லாதீங்க. இவரு சத்தம் இல்லாம முதுகெல்லாம் ரணமாயிடுச்சு. தட்டுனாரு, நான் பாட்டுக்குப் பெட்டியப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்!"

"உக்காருடா. அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் லாண்ட்ரி. மாமாவைப் பார்த்து, "நம்ம ஆளுங்ககிட்ட எவ்வளவு வேணா பேசு. அவனுங்ககிட்ட மட்டும் பேசாத. வியாழக்கெழம இறுதிப் போட்டி. அதுக்குள்ள தொண்டையச் சரி பண்ணிக்க" என்றார்.

மாமா குனிந்து பைக்குப் பின்னால் துழாவினார். ஃப்ளாஸ்க்கை எடுத்துத் திறந்தார். ஆறிப்போன பூண்டுப் பாலின் நாற்றத்தில் பக்கத்திலிருந்த ஆர்லோ எழுந்து தள்ளிப்போனான். மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்தபடியே, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.