நாற்பதுக்குள் ஒரு கல்லூரி

மலேசியாவில் பெம்பான் ஊர் மரியத்துக்குக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட நேரமே வாய்த்ததில்லை. பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.டி.பி.எம். எழுதிய வருடம் கல்யாணம் குறுக்கே வந்தது. அப்புறம் சாப்பாட்டுக் கடை, இரண்டு பிள்ளைகள். "பெருநாள் முடியட்டும் லா, பார்ப்போம்" என்று கணவர் மஜீது சொல்லிச் சொல்லியே பன்னிரண்டு பெருநாள் வந்து போயின. கெட்டவரில்லை மனிதர். கடையில் தேத்தண்ணி, காப்பி என்று தண்ணி கலக்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, ஜூலை மாதம், மரியம் கைப்பேசியிலேயே விண்ணப்பம் போட்டாள். பாலர் கல்விப் பட்டம், வீட்டிலிருந்தே படிக்கலாம், சனிக்கிழமை வகுப்பு. ஆரம்பம் செப்டம்பரில். பிரசவமும் செப்டம்பரில்தான்.

"பைத்தியமா ஒனக்கு? புள்ள பொறந்து ஜனவரியில போடலாமே!" என்றார் மஜீது.

"ஜனவரியில நான் கடையில நிப்பேன் மச்சான். புள்ள பெத்த நாப்பது நாளும் யாரும் என்னைய அடுப்படிக்குக் கூப்பிட மாட்டீங்க. எனக்குக் கெடைக்கிற லீவு அது ஒன்னுதான்."

என்ன மூளை! மற்றவர்கள் படுத்துக் கிடக்கும் நாற்பது நாளில் இவள் கல்லூரிக்குள் காலை வைத்துவிடப் பார்த்தாள்.

இடம் கிடைத்தது. பெண் பிள்ளையும் பிறந்தது. ஆனால் மாமியார் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பச்சை உடம்புக்காரி எழுத்தைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. மரியம் மல்லுக்கு நிற்கவில்லை.

"கண்ணுதானே மாமி கெடும்? காது கேக்கட்டுமே."

அந்தச் சனிக்கிழமை முதல் கைப்பேசி அலமாரி மேல் இருந்தபடியே மலாயில் பாடம் நடத்தியது. மரியம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். துணி மடித்தபடி மாமியாரும் கேட்டார். அடித்து வளர்த்தால் பிள்ளைக்குப் பயம்தான் வளரும் என்று விரிவுரையாளர் சொன்ன அன்று மாமியார் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார். "மஜீத நான் எவ்ளோ அடிச்சிருக்கேன்" என்றார் கடைசியில்.

நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றினார்கள். மறுநாள் சனிக்கிழமை. மரியம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடைக்குக் கிளம்பினாள். நாலு வருடப் படிப்பில் ஐந்தே வகுப்பு கேட்டிருந்தாள்.

"வா, நேரமாச்சு. நாப்பதுதான் முடிஞ்சிருச்சே" என்றார் மஜீது, கார் சாவியோடு.

மாமியார் மருமகள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"அவளுக்கு எட்டரைக்குக் கிளாஸ். தண்ணி கலக்க நான் வர்றேன், வண்டிய எடு."